இரண்டு கோத்திரம்

கோதண்டபாணிக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவனைப் பெற்றவர் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலைச் சுற்றிக் குடியிருந்த எல்லோருக்கும் தெரிந்துதான் நடந்தது. கிருஷ்ணஸ்வாமி ஐயங்காருக்கு அப்போது நான்கு பிள்ளைகள். வேத பாடசாலையில் சொல்லிக்கொடுப்பவர். சாஸ்திரத்தில் சந்தேகம் என்று வந்தால் தெருக்காரர்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். அவருடைய பால்ய சிநேகிதர் சௌரிராஜனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை பிறக்கவில்லை. ஒரு நாள் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது சௌரிராஜன் வாய்விட்டுக் கேட்டேவிட்டார். கிருஷ்ணஸ்வாமி வீட்டுக்கு வந்து மனைவி செங்கமலத்திடம் விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். அவளைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. மூன்றாவது பிள்ளையை ஹோமம் வளர்த்து முறைப்படி ஸ்வீகாரம், அதாவது தத்து, கொடுத்தார்கள். அன்று முதல் பையன் கிருஷ்ணஸ்வாமியின் ஸ்ரீவத்ஸ கோத்திரம் இல்லை. சௌரிராஜனின் ஆத்ரேய கோத்திரம்.

ஐந்து வயதுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மறுநாளே பழைய வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். கிருஷ்ணஸ்வாமி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் சௌரிராஜன் வீட்டு வாசலில் விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தான். மறுபடியும் கொண்டு விட்டார். அடுத்த முறை அவன் வந்தபோது வாசற்படியில் நின்று, ஊர்க் குழந்தை யாரையோ விசாரிப்பது போல, "யார் வேணும் கோந்தே?" என்று கேட்டார்.

"அம்மா."

"உங்கம்மா மாட வீதியில இருக்கா. தேடிண்டிருப்பா, போ."

பையன் திரும்பித் தனியாகவே நடந்து போனான். அதன்பிறகு ஓடி வரவில்லை.

அவன் பாடு ஒன்றும் மோசமாகிவிடவில்லை. சௌரிராஜன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. கலகலவென்று பேசுகிற மனுஷர். கருட சேவைக்குக் கூட்டத்துக்கு நடுவே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். எந்தக் காரியமானாலும், "உனக்கு என்னடா தோண்றது?" என்று குழந்தையிடம் கேட்பார். பூசணிக்காய்க் கூட்டா, வெண்டைக்காய்க் கறியா என்பதிலிருந்து காலேஜில் என்ன படிப்பது என்பது வரைக்கும் அவனைக் கேட்டுத்தான். வளர்த்தவளும் குறை வைக்கவில்லை. கோதண்டபாணி அப்பா என்று சொன்னால் அது சௌரிராஜன்தான். அதில் அவனுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

பெற்றவரை 'மாமா' என்று கூப்பிட்டான். பெற்றவளை 'மாமி' என்று கூப்பிட்டான். மாமி கோயிலில் பார்த்தால் கன்னத்தைத் தடவி, மடியில் முடிந்து வைத்திருக்கும் கற்கண்டைக் கையில் வைத்து அழுத்துவாள். மாமா தலையை அசைப்பார். கோதண்டபாணி பெரியவனாகி, தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, வத்ஸலாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு மாமா அவனை "வாங்கோ, உக்காருங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். பெற்ற பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் அதைத் தெரிந்தேதான் செய்தார்.

சௌரிராஜன் காலமான மறு வருஷம் முதல் திவசம் வந்தது. பித்ரு ஸ்தானத்தில், இறந்தவருக்குப் பதிலாக இலையில், உட்கார வேண்டியவர் ஊரில் இல்லை. குடும்பத்துப் புரோகிதர் சக்கரபாணி வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விஷயம் காதில் விழுந்து கிருஷ்ணஸ்வாமி, தானே வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"ஸ்வாமி, நீங்க எப்படி..." என்று, அவர் வந்து நின்றதும் வாத்தியார் இழுத்தார்.

கிருஷ்ணஸ்வாமி கோதண்டபாணியைக் காட்டினார். "ஏன்? இவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கோத்ரம் வேற, குடும்பம் வேற. தாராளமா உக்காரலாம்."

அப்படித்தான் அவர் சௌரிராஜனின் இடத்தில் வந்து உட்கார்ந்தார். வத்ஸலா தண்ணீர் விட, கோதண்டபாணி குனிந்து அவர் காலை அலம்பினான். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான். அலம்பித் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். சாப்பாடு முடிந்ததும், இறந்துபோன தகப்பனாருக்குத் திருப்திதானா என்று மந்திரத்தில் கேட்க வேண்டும். கேட்டான். திருப்தி என்று கிருஷ்ணஸ்வாமி மந்திரத்திலேயே பதில் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து ஐப்பசி தோறும் அவர்தான் வந்தார். வருஷத்தில் ஒரு நாள் அந்தக் காலைத் தொடுவான். மற்ற நாட்களில் தெருவில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவான்.

இப்படியே போயிருக்கும், மகள் ஸிந்துஜாவுக்கு வரன் வராமல் இருந்திருந்தால்.

இரண்டாயிரமாவது வருஷம் ஆவணியில் அந்த வரன் வந்தது. ஸிந்துஜா சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் பெயர் நாராயண். அவனும் அதே துறைதான். பையனுடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்தபோது இருவரும் மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததில் கீழே பஜ்ஜி ஆறிப்போனது. இறங்கி வந்த மகளின் முகத்தைப் பார்த்தே வத்ஸலா முடிவு செய்துவிட்டாள்.

ஒரே ஒரு விஷயம்தான். பையன் ஸ்ரீவத்ஸ கோத்திரம், கிருஷ்ணஸ்வாமியின் கோத்திரம். ஒரே கோத்திரத்துக்குள் பெண் கொடுப்பதில்லை.

கோதண்டபாணி தன் ஸ்வீகாரத்தைப் பற்றிப் பையன் வீட்டில் மறைக்காமல் சொன்னான். பையனின் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்வீகாரம் ஆயிடுத்துன்னா கோத்ரம் மாறிடுத்து. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. உங்காத்துப் பெரியவாளை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கோ" என்றார்.

வளர்த்தவளும் போய்ச் சேர்ந்த பிறகு பெரியவர் என்று இருப்பது ஒருவர்தான். கோதண்டபாணி காலையில் ஸ்நானம் செய்துவிட்டுச் சன்னதித் தெருவுக்குப் போனான். கிருஷ்ணஸ்வாமி கூடத்தில் பலகையில் உட்கார்ந்து பூணூல் முறுக்க நூல் திரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை. மற்றப் பிள்ளைகளில் ஒருவன் பம்பாயில், இருவர் அமெரிக்காவில். வீட்டில் அவரும் செங்கமலமும் மட்டும்தான்.

"வாங்கோ."

விஷயத்தைச் சொன்னான். பையனின் படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"என்ன கோத்ரம்?"

"ஸ்ரீவத்ஸம்."

நூல் திரிக்கிற கை நின்றது. "அப்போ வேண்டாம்."

கோதண்டபாணிக்கு முதலில் புரியவில்லை. "நாங்க ஆத்ரேயம்தானே மாமா?"

"நீங்க ஆத்ரேயம். சரி. விவாஹத்துக்கு ரெண்டு கோத்ரமும் விலக்கு. பெத்தவன் கோத்ரமும் விலக்கு. சாஸ்திரம் அப்படித்தான் சொல்றது."

"நீங்கதானே அக்னி சாட்சியா என்னைக் குடுத்தேள்?"

"பேரைக் குடுத்தேன். கர்மா பண்ற பாத்யதையைக் குடுத்தேன். உடம்பு எங்கேருந்து வந்ததுங்கறதை யாராலயும் குடுக்க முடியாது. அது இருந்த இடத்துலதான் இருக்கும்."

உள்ளே செங்கமலம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

கோதண்டபாணி குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவன். ஐம்பது வயதில் முதல் முறையாக அவர் முன்னால் அவன் குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷமா அது எங்க மாமா போச்சு? எங்கப்பா எலையில நீங்க உக்காந்தேளே, என்ன சம்பந்தம்னு கேட்டேளே, அப்போ எங்க போச்சு? கல்யாணத்துக்கு மட்டும் நான் உங்க பிள்ளையா?"

கிருஷ்ணஸ்வாமி அவனை நேராகப் பார்த்தார்.

"ஆமாம்," என்றார். "கல்யாணத்துக்கு மட்டும்."

கோதண்டபாணி எழுந்தான். வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "நீ கோவிச்சுண்டு போறே. போ. நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன்."

தெருவில் கால் வைத்த பிறகுதான் அந்த 'நீ' காதில் உறைத்தது. வெயில் ஏறியிருந்தது. கோயில் பக்கமிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவன் சைக்கிளை எடுக்க மறந்து பாதி தூரம் நடந்துவிட்டான். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வர மனம் இல்லாமல் நடந்தே ஆபீசுக்குப் போனான்.

தபால் ஆபீசில் அவனுக்கு அடுத்த கவுன்ட்டரில் இளங்கோவன். பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒருவர் வீட்டு விவகாரம் மற்றவருக்குத் தெரியும்.

"இன்னா சார், மூஞ்சே சரியில்ல?"

கோதண்டபாணி சொன்னான். இளங்கோவன் ரிஜிஸ்டர் தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டே கேட்டான்.

"எங்காளுங்கள்ள பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம் சார். அது கூடப்பொறந்த மாதிரி. ஆனா நீங்கதான் அந்த வீட்டாளே இல்லன்ட்டாங்களே. இல்லன்னு சொன்னவரு இப்ப எப்டி சார் வந்து ஆமான்றாரு?"

"அதான் எனக்கும் தெரியலே."

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அவரு ஆமான்னு சொன்னது உங்களுக்குக் கோவமா, சந்தோஷமா?"

கவுன்ட்டரில் ஒரு அம்மாள் மணியார்டர் பாரத்தை நீட்டினாள். கோதண்டபாணி வாங்கிக்கொண்டான்.

அந்த வாரம் முழுவதும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வாத்தியார் சக்கரபாணியைக் கேட்டான். "பெரியவர் சொல்றது சரிதான். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா இந்தக் காலத்துல யார் பார்க்கறா?" என்று இரண்டு பக்கமும் பேசிவிட்டு அவர் கழன்றுகொண்டார். வத்ஸலா மட்டும் பளிச்சென்று சொன்னாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு அவர் ஒண்ணு சொல்லிட்டார், அதைக் கேட்டு நடந்தா பிள்ளைன்னு ஆயிடும்னு உங்களுக்கு ஆசை. அது உங்க ஆசை. பொண்ணு என்ன பண்ணினா?"

அவனுக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதான். சரி மாமா, வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று அவர் முன்னால் போய் நிற்பதை அவன் அந்த வாரத்தில் பலமுறை நினைத்துப் பார்த்திருந்தான். அவர் என்ன செய்வார், உட்காரச் சொல்வாரா, பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா என்பதுவரை நினைத்திருந்தான். மகள் முகம் அந்த நினைப்பில் எங்கேயும் வரவில்லை.

அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தான். பதிலுக்கு வெகுநேரம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை ஸிந்துஜா ஊருக்கு வந்ததும் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பையன் என்ன கோத்திரம், மாமா என்ன சொன்னார், சாஸ்திரத்தில் என்ன இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "உனக்கு என்னம்மா தோண்றது?" என்று கேட்டான்.

அவள் நகத்தைக் கடித்தாள். "அவர் சொல்றபடி பார்த்தா நானும் நாராயணும் அண்ணா தங்கையா?"

"அப்படின்னு அர்த்தம்."

"எத்தனை தலைமுறைக்கு முன்னால?"

"யாருக்குத் தெரியும்? ஒரு ரிஷி. ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும்."

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அந்த ரிஷியை எனக்குத் தெரியாது. நாராயணைத் தெரியும். ஆனா உங்களுக்கு மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்கோ. கல்யாணம் ஆனப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்கோ."

கோதண்டபாணி சிரித்துவிட்டான். மறுநாள் பையன் வீட்டுக்குப் போன் செய்து தை மாசத்தில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னான்.

ஐப்பசியில் திவசம் வந்தது. முந்தின நாள் மாலை சக்கரபாணி வாத்தியார் வந்து தயங்கி நின்றார். "பெரியவர் இந்த வருஷம் வர முடியாதுன்னு சொல்லிட்டார். வேற ஆளைப் பாக்கச் சொன்னார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ரத்த சம்பந்தம் இருக்கறவா அந்த ஸ்தானத்துல உக்காரப்படாதுன்னார். இத்தனை வருஷம் உக்காந்தது தப்புன்னும் சொன்னார். அதுக்கு ஏதோ பிராயச்சித்தம் பண்ணிண்டாராம்."

வாத்தியார் போன பிறகு வத்ஸலா அடுப்படியில் இருந்து வந்தாள். "கேட்டேளா? இனிமே கல்யாணத்துக்கு மட்டும் இல்லை போல இருக்கு."

கோதண்டபாணி மறுநாளைக்கு வேண்டிய வாழைக்காயை எடுத்து எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு அங்கே ஏன் வைத்தோம் என்று மறுபடியும் கூடைக்கு மாற்றினான். திவசத்துக்கு உத்திரமேரூரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அவர் காலை அலம்பியபோது கோதண்டபாணிக்கு எதுவும் தோன்றவில்லை. அவனுடைய அப்பாவைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு செய்த முதல் திவசம் அதுதான்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கச் சன்னதித் தெருவுக்கும் போனார்கள். கிருஷ்ணஸ்வாமி தாம்பாளத்தைத் தொட்டு வாங்கிக்கொண்டார். "நான் வரமாட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடை இன்றைக்கு இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். செங்கமலம் குங்குமச் சிமிழை எடுத்து வந்தவள், "நான் வருவேன்," என்றாள். கிருஷ்ணஸ்வாமி திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் வத்ஸலாவின் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். "என்னை அன்னிக்கு யாரும் கேக்கலே. இன்னிக்கும் நான் யாரையும் கேக்கப் போறதில்லே."

வெளியே வந்ததும் கோதண்டபாணி, "வரமாட்டேன்னுட்டாரே," என்றான்.

"வந்தா நீங்க யாரோ ஒருத்தர். வரலேன்னாத்தான் பிள்ளை," என்றாள் வத்ஸலா. "உங்க ரெண்டு பேருக்கும் எதையாவது நேரா சொல்லத் தெரியறதா?"

தை மாசத்தில் கல்யாணம் நடந்தது. செங்கமலம் மடிசாரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஸிந்துஜா போய்க் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வந்தாள். பெண்ணின் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை வாத்தியார் உரக்கச் சொன்னார். சௌரிராஜன் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. செங்கமலமும் கேட்டாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்ததாகக் கோதண்டபாணிக்குத் தெரியவில்லை. அட்சதையைக் கை கொள்ளாமல் அள்ளிப் போட்டாள்.

மறுவாரம் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர்ப் பெரியவர்களைச் சேவிக்கக் கிளம்பினார்கள். சன்னதித் தெருவுக்குப் போகலாமா வேண்டாமா என்று கோதண்டபாணி வாசலில் நின்று குழம்பிக்கொண்டிருந்தான். ஸிந்துஜா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். நாராயணும் வத்ஸலாவும் பின்னால் போக, அவனும் நடந்தான்.

கிருஷ்ணஸ்வாமி கதவைத் திறந்தார். நால்வரையும் பார்த்தார். "உள்ள வாங்கோ," என்று பொதுவாகச் சொன்னார். ஆனது ஆகிவிட்டது, இனி அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது போல இருந்தது அவர் முகம். இருவரும் விழுந்து சேவித்தார்கள். நாராயண் எழுந்து காதைப் பொத்திக்கொண்டு, தன் ரிஷிகளையும் கோத்திரத்தையும் சொல்லிப் பெரியவர்களை வணங்கும் அபிவாதயே சொல்ல ஆரம்பித்தான். ஐந்து ரிஷிகளின் பெயர்களில் மூன்றாவதில் நாக்கு இடறியது. கிருஷ்ணஸ்வாமி எடுத்துக்கொடுத்தார். அவன் பிடித்துக்கொண்டு முடித்தான். ஸ்ரீவத்ஸ கோத்திரம் என்று சொன்னபோது அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பெயரும் அவர் தினமும் சொல்கிற பெயர்கள்தான்.

பிறகு ஸிந்துஜாவைப் பார்த்தார். "கல்யாணம் ஆனதும் பொண்ணுக்குப் புருஷன் கோத்ரம். தெரியுமோ?"

"தெரியும் தாத்தா."

தாத்தா என்று அவள் கூப்பிட்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ நீ ஸ்ரீவத்ஸம். நம்மாத்துக் கோத்ரம்தான்," என்றார். ஏதோ கணக்குப் போட்டு விடை வந்தவரைப் போல ஒரு தரம் தலையை அசைத்தார். "செங்கமலம், கோந்தைகளுக்குப் பால் கொண்டா."

கோதண்டபாணி சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கிளம்பும்போது அவர் அவனிடம், "மழை வரும்போல இருக்கு. பார்த்துப் போ," என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கும் மேல் இருந்தார். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. கோதண்டபாணி ஞாயிற்றுக்கிழமைகளில் போவான். அவர் பேப்பரைப் பற்றிப் பேசுவார், தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசுவார். மாமா என்றுதான் கூப்பிட்டான். 'நீ' என்பது மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு ஆடி மாசத்தில் காலையில் சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பம்பாய்ப் பிள்ளை விமானத்தில் வந்து கொள்ளி வைத்தான். ஸ்வீகாரம் போன பிள்ளைக்கு மூன்று நாள்தான் தீட்டு. கோதண்டபாணி மூன்று நாள் காத்தான். தனியாகச் சாப்பிட்டான், தரையில் படுத்தான். நான்காம் நாள் குளித்துவிட்டு ஆபீசுக்குப் போனான். சன்னதித் தெருவில் மற்றவர்களுக்கு இன்னும் காரியங்கள் பாக்கி இருந்தன.

"இன்னா சார், மூணு நாளா ஆளையே காணோம்?" என்றான் இளங்கோவன்.

"அப்பா தவறிட்டார்."

இளங்கோவன் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தான். "அடப்பாவமே." பிறகு நெற்றியைச் சுருக்கினான். "உங்க அப்பாதான் எப்பவோ தவறிட்டாரே சார். வருசா வருசம் திதி குடுக்கறீங்களே?"

"அவரும்தான்," என்றான் கோதண்டபாணி.

இளங்கோவன் அவனைப் பார்த்தான். கவுன்ட்டரில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் இரண்டு கவர்களை உள்ளே தள்ளினார். ஒன்று ஓசூருக்கு, ஒன்று துபாய்க்கு. கோதண்டபாணி தராசில் வைத்து எடை பார்த்தான்.